கேட் வரை ஃபைபர் இழுக்கிறீர்களா? சுவிட்ச், மாட்யூல், பாதுகாப்பு பற்றிச் சில பதில்கள்

திருப்பூர் பக்கம் எங்கள் சாயப்பட்டறை. ஆபீஸிலிருந்து கேட் 420 மீட்டர். அங்கே 5 சாதாரண கேமரா, ஒரு சுழலும் கேமரா, ஒரு வைஃபை பாயிண்ட் வேண்டும். 24 போர்ட் ஃபைபர் நெட்வொர்க் சுவிட்ச் என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. சரியா?

வேண்டாம். எல்லாத் துளையும் ஃபைபராக இருக்கும் சுவிட்ச், பல கட்டடங்களின் ஃபைபர் ஒரே இடத்தில் வந்து சேரும்போது நடுவில் வைப்பது. கேட்டுக்கு வேண்டியது 8 பிஓஇ (டேட்டா வயரிலேயே கரண்டும் தரும்) செம்பு போர்ட், 2 எஸ்எஃப்பி துளை (மின் சிக்னலை ஒளியாக மாற்றும் மாட்யூலைச் செருகும் இடம்) உள்ள மேனேஜ்டு (அமைப்புகளை மாற்றக்கூடிய) சுவிட்ச். செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை என்பதால் இந்தத் தூரத்துக்கு ஃபைபர் தவிர வழியில்லை. ஆபீஸ் சுவிட்சில் எஸ்எஃப்பி துளை ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கம் மாட்யூல் மட்டும் போதும்.

மின்சாரக் கணக்கு: 5 கேமரா தலா 10 வாட் என்றால் 50, சுழலும் கேமராவுக்கு 25, வைஃபைக்கு 15. மொத்தம் 90. கால் பங்கு கூட்டினால் 112.5; ஆகவே 120 வாட் பிஓஇ திறன் உள்ளதாக வாங்குங்கள். 802.3ஏஎஃப் (பழைய பிஓஇ தரம்) போர்ட் கருவியின் முனையில் 12.95 வாட்தான் தரும். ஆகவே சுழலும் கேமராவும் வைஃபையும் 25.5 வாட் தரும் 802.3ஏடி போர்ட்டில்தான் இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் கேமரா பகலெல்லாம் ஒழுங்காக ஓடும்; இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்ததும் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது வெப்பம். வெளியே 40 டிகிரி அடிக்கும்போது வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் 55, 60 சாதாரணமாகத் தொடும். ஆபீஸ் ரகச் சுவிட்சுகள் பல 40 அல்லது 45 வரைக்கும்தான். விசிறி இல்லாத, டின் ரெயிலில் (மின் பெட்டிக்குள் இருக்கும் உலோகப் பட்டை) மாட்டும் இண்டஸ்ட்ரியல் ரகத்தை, மைனஸ் 40 முதல் 75 டிகிரி வரை தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். மாட்யூலும் அதே ரகமாக இருக்கட்டும். சுவிட்சுக்குச் செலவழித்துவிட்டு மாட்யூலில் மிச்சம் பிடிப்பவர்கள்தான் அதிகம்.

இந்த ரகத்தோடு பவர் சப்ளை பெரும்பாலும் வராது. 24 வோல்ட் வாங்கிவிடாதீர்கள். 802.3ஏடிக்குச் சுவிட்சில் 50 வோல்ட்டாவது வேண்டும். 48 வோல்ட் சப்ளை வாங்கி அதிலுள்ள ட்ரிம்மரை (வோல்ட் திருத்தும் திருகு) 53, 54க்கு ஏற்றி வையுங்கள்.

கேபிள் 6 கோர் (6 இழை) சிங்கிள் மோட், அதாவது நீண்ட தூரத்துக்கான வகை. இந்தத் தூரத்தில் 1 ஜிபி (நொடிக்கு 1 கிகாபிட்) வேகத்துக்கு ஓஎம்2 என்ற குறுந்தூர மல்டிமோடும் எட்டும் (550 மீட்டர் வரை), ஆனால் நாளைக்கு 10 ஜிபி என்றால் அதே கேபிள் 82 மீட்டரோடு நின்றுவிடும். 2 கோர்தான் ஓடப்போகிறது என்றாலும் 6 கோரையும் எல்ஐயூ பெட்டியில் (ஃபைபர் வந்து முடியும் பெட்டி) ஸ்ப்ளைஸ் செய்து (இழைகளை உருக்கி ஒட்டி) முடித்துவிடச் சொல்லுங்கள். பிறகு ஒரு கோர் செத்தால் பேட்ச் கார்டை (சுவிட்சுக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள குட்டை ஃபைபர் வயர்) வேறு கோருக்கு மாற்றினால் போதும். ஸ்ப்ளைஸ் மெஷினோடு ஆள் வரக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டு பக்கமும் மாட்யூல் மாட்டியாகிவிட்டது. ஒரு பக்கம் லிங்க் விளக்கு எரிகிறது, மறுபக்கம் எரியவில்லை.

1 ஜிபி ஃபைபரில் இப்படி வந்தால் முதல் சந்தேகம் ஆட்டோ நெகோசியேஷன் (இரு முனையும் தாமே பேசி அமைப்பை முடிவுசெய்யும் வசதி) மீது. ஒரு பக்கம் ஆன், மறுபக்கம் வேகம் கையால் 1000 என்று வைத்து ஆஃப். கையால் வைத்த பக்கம் வெளிச்சம் வந்தாலே லிங்க் வந்ததாக எடுத்துக்கொள்ளும். ஆன் பக்கம் பதில் வராமல் காத்துக்கிடக்கும். இரண்டையும் ஒன்றாக்குங்கள், ஆன் நல்லது. இரண்டு பக்கமும் ஆஃபில் இருந்தும் இப்படி வந்தால் இரண்டில் ஒரு கோரில் மட்டும் வெளிச்சம் போகவில்லை என்று பொருள்.

இரண்டு பக்கமுமே எரியாவிட்டால் கதை வேறு. மாட்யூலில் செருகும் எல்சி கனெக்டரின் இரண்டு முனைகளையும் ஒரு பக்கத்தில் மட்டும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். இங்கே அனுப்புவது அங்கே பெறும் துளைக்குப் போக வேண்டும். பல இடங்களில் கோளாறு இதோடு தீரும். ஒற்றை இழை மாட்யூல் என்றால் ஒரு பக்கம் 1310 நானோமீட்டர் (ஒளியின் அலைநீளம்) அனுப்பி 1550 பெறுவது, எதிர்ப்பக்கம் 1550 அனுப்பி 1310 பெறுவது என்று ஜோடியாக இருக்க வேண்டும். ஒரே மாதிரி இரண்டு வாங்கினால் காலத்துக்கும் லிங்க் வராது. 10 ஜிபிக்கான எஸ்எஃப்பி பிளஸ் மாட்யூல் 1 ஜிபி துளையில் செருகிக்கொள்ளும், ஆனால் பொதுவாக வேலை செய்யாது. சில பிராண்டுகள் வேறு கம்பெனி மாட்யூலை ஏற்காமல் போர்ட்டை மூடிவிடும். சுவிட்சின் லாகைப் (நிகழ்வுப் பதிவு) பார்த்தால் தெரியும்.

3.2 கிலோமீட்டர் லிங்க், எல்எக்ஸ் (சிங்கிள் மோடுக்கான 1310) மாட்யூல். அடிக்கடி அறுந்து அறுந்து வருகிறது. சுவிட்சில் பார்த்தால் எதிர்ப்பக்கம் அனுப்புவது மைனஸ் 6, நாங்கள் பெறுவது மைனஸ் 19.4 டிபிஎம் (ஒளித் திறன் அளவு; மைனஸ் கூடினால் வெளிச்சம் குறைவு). மாட்யூல் கெட்டுவிட்டதா?

மாட்யூல் கெட்டதாகத் தெரியவில்லை, பிழைப்பதற்கே போராடிக்கொண்டிருக்கிறது. 1310 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.35 டெசிபல் இழப்பு என்றால் 3.2 கிலோமீட்டருக்கு 1.1. பிக்டெய்ல் (ஒரு முனையில் கனெக்டர் உள்ள குட்டை இழை) இரண்டு, வழியில் ஜாயின்ட் இரண்டு, ஆக 4 ஸ்ப்ளைஸ், தலா 0.1 வைத்தால் 0.4. இரண்டு எல்ஐயூ அடாப்டருக்குத் தலா 0.5, ஆக 1. மொத்தம் 2.5. அப்படியென்றால் உங்களுக்கு மைனஸ் 8.5 வந்திருக்க வேண்டும். ஏறக்குறைய 11 டெசிபல் வழியில் காணாமல் போகிறது. எல்எக்ஸ் மாட்யூல் மைனஸ் 19, 20 அளவில் கைவிட்டுவிடும். அதனால்தான் அறுந்து அறுந்து வருகிறது.

எங்கே போனது? முதலில் அழுக்கு. சிங்கிள் மோட் இழையில் வெளிச்சம் போகும் நடுப்பகுதியின் விட்டம் 9 மைக்ரான். விரல் பட்ட தடம் ஒன்றே போதும். புதிய பேட்ச் கார்டு சுத்தமாக இருக்கும் என்று நம்பாதீர்கள், மூடிக்குள்ளும் தூசி இருக்கும். ஒன் கிளிக் கிளீனரால் கார்டு முனை, அடாப்டரின் உட்பக்கம் இரண்டையும் துடையுங்கள். சட்டை ஓரத்தில் துடைப்பது இருக்கிற அழுக்கோடு இன்னும் கொஞ்சம் சேர்ப்பதுதான்.

அடுத்து கனெக்டர் நிறம். பச்சை ஏபிசி, முனை 8 டிகிரி சாய்ந்தது. நீலம் யுபிசி, சாய்வற்றது. கேபிள் இன்டர்நெட் வேலை செய்பவர் வந்தால் கையிலிருக்கும் பச்சைப் பிக்டெய்லைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். நீலக் கார்டோடு அது சேர்ந்தால் இரண்டு முனைகளுக்கும் நடுவே இடைவெளி விழும், அழுத்திச் செருகினால் முனையும் கீறிப்போகும். எஸ்எஃப்பிக்கு நீலம்தான்.

மூன்றாவது வளைவு. பவர் மீட்டரும் லைட் சோர்ஸும் வைத்திருப்பவரிடம் 1310, 1550 இரண்டிலும் அளக்கச் சொல்லுங்கள். 1550ல் இழப்பு மிக அதிகமாக இருந்தால் எங்கோ கேபிள் மடங்கியிருக்கிறது. எல்ஐயூ மூடியில் நசுங்கிய இழையோ இறுக்கிப் போட்ட கேபிள் டையோ. சாதாரண ஜி.652டி இழையை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குள் வளைக்கக் கூடாது. இரண்டு அளவிலும் ஒரே மாதிரி இழப்பு என்றால் கனெக்டர், ஸ்ப்ளைஸ் பக்கம் திரும்புங்கள்.

வெளிச்சம் குறைகிறதே என்று 80 கிலோமீட்டர் இசட்எக்ஸ் மாட்யூலை வாங்கி மாட்டாதீர்கள். அது 0 முதல் பிளஸ் 5 டிபிஎம் வரை அனுப்பும். பெறும் பக்கம் மைனஸ் 3க்கு மேல் தாங்காது. என்றைக்காவது அந்த அழுக்கைத் துடைத்தீர்கள் என்றால் ரிசீவரே போய்விடக்கூடும்.

ஃபைபரில் வெளிச்சம் வருகிறதா என்று கண்ணால் பார்க்கலாமா?

கூடாது. 1310, 1550 இரண்டும் கண்ணுக்குத் தெரியாது, கண்ணைச் சுடும் திறன் இருந்தால் சுட்டுவிட்டுத்தான் போகும். சுவிட்சின் டிடிஎம் (மாட்யூலின் ஒளி அளவுகளைக் காட்டும்) திரையைப் பாருங்கள். மைனஸ் 40 என்று காட்டினால் வெளிச்சமே இல்லை.

கேட் பெட்டியில் யாராவது கேமரா வயரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பைச் செருகினால்? மேக் முகவரியைப் (கருவியின் நெட்வொர்க் அடையாள எண்) பூட்டி வைத்திருக்கிறோம், போதாதா?

போதாது. கேமராவின் மேக் முகவரி அதன் ஸ்டிக்கரிலேயே அச்சடித்திருக்கும். அதை லேப்டாப்பில் போட்டுக்கொள்ள ஒரு நிமிடம். வெளியே நிற்கும் பெட்டியை என்றாவது ஒருநாள் யாராவது திறப்பார்கள் என்று வைத்துக்கொண்டுதான் அமைப்பைப் போட வேண்டும்.

கேமராக்களுக்குத் தனி விலேன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்). அங்கிருந்து ரெக்கார்டருக்கும் நேரம் சொல்லும் சர்வருக்கும் மட்டும் வழி. பில்லிங், டாலி, இன்டர்நெட் எதுவும் தெரியக் கூடாது. உள்ளே நுழைந்தவனுக்கு மற்ற கேமராக்களுக்கு மேல் எதுவும் எட்டாது என்றால் பாதி வெற்றி. அந்தக் கேமராக்களும் ஒன்றையொன்று பார்க்காதபடி போர்ட் ஐசொலேஷன் போடலாம். கேமராவுக்கு 802.1எக்ஸ் (போர்ட்டில் அடையாளம் கேட்கும் முறை) சான்றிதழ் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், அது ஸ்டிக்கரைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாதது. பயன்படாத போர்ட்டை மூடிவிட்டு எங்கும் போகாத ஒரு விலேனில் தள்ளுங்கள். கேமரா போர்ட்களில் பிபிடியு கார்டையும் (யாராவது அங்கே சுவிட்சைச் செருகினால் போர்ட்டை மூடும் காவல்) ஆன் செய்யுங்கள்.

டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கில் (ஐபி முகவரி கொடுக்கும் போலி சர்வரைத் தடுக்கும் காவல்) ஆபீஸுக்குப் போகும் ஃபைபர் போர்ட்டை மட்டும் நம்பகமானது என்று குறியுங்கள். அதோடு ஏஆர்பி இன்ஸ்பெக்ஷனையும் (ஐபி, மேக் ஜோடி சரியா என்று பார்ப்பது) ஆன் செய்தால் ஒரு வம்பு இருக்கிறது: ஐபியைக் கையால் போட்ட கேமராக்கள் எல்லாம் ஒரேயடியாகக் காணாமல் போகும். டிஹெச்சிபி பட்டியலில் அவை இல்லை, ஆகவே அவற்றின் ஏஆர்பியைச் சுவிட்ச் தூக்கிப் போடுகிறது. முன்கூட்டியே அந்த ஐபி, மேக் ஜோடிகளைக் கையால் பதிந்துவிடுங்கள், அல்லது டிஹெச்சிபியிலேயே ரிசர்வேஷன் போட்டுக்கொடுங்கள்.

சுவிட்ச் நிர்வாகத்துக்குத் தனி விலேன், எஸ்எஸ்ஹெச் (மறையாக்கிய லாகின்) மட்டும், எஸ்என்எம்பி (கண்காணிப்பு) என்றால் பதிப்பு 3. டெல்நெட்டையும் சாதா ஹெச்டிடிபியையும் அணைத்துவிடுங்கள். இதையெல்லாம் ஆபீஸில் உட்கார்ந்து மாற்றும்போது ஃபைபர் போர்ட்டின் விலேனை கடைசியில் தொடுங்கள். அதற்குமுன் 10 நிமிடத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்து, கான்ஃபிகை சேமிக்காமல் மாற்றுங்கள். தவறிப்போனால் பழைய அமைப்போடு அதுவே எழுந்துவரும், வெயிலில் கேட் வரை நடக்க வேண்டாம்.

பெட்டிக்குப் பூட்டு, கதவில் ஒரு காந்த சென்சார். இண்டஸ்ட்ரியல் சுவிட்சில் டிஜிட்டல் இன்புட் இருந்தால் அதிலேயே சென்சாரை இணைத்து அலாரம் அனுப்பலாம். ரீசெட் பட்டனால் பாஸ்வேர்டை அழிக்கும் வசதியை அணைக்க முடிகிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

எங்கள் இரண்டு யூனிட்டுக்கும் நடுவே பொது ரோட்டில் ஃபைபர் போகிறது. ஃபைபரை ஒட்டுக் கேட்க முடியாது என்கிறார்களே?

முடியும். உறையை உரித்து இழையை லேசாக வளைத்தாலே வெளிச்சம் கசியும். அதற்கென்றே கிளிப் இருக்கிறது. இரு முனைச் சுவிட்சிலும் மேக்செக் (802.1ஏஇ) இருந்தால் போர்ட்டிலேயே மறையாக்கம் நடக்கும், வேகம் பெரிதாகக் குறையாது. ஆனால் எல்லா மாடலிலும், எல்லா போர்ட்டிலும் கிடையாது. சிலவற்றுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். ஃபிரேமுக்கு 32 பைட் வரை கூடுவதால் எம்டியூவைக் (பாக்கெட்டின் உச்ச அளவு) கவனியுங்கள். இழை முழுக்க உங்களுடையது என்றால் சிக்கலில்லை. நடுவில் சேவை நிறுவனத்தின் கருவி இருந்தால் சாவி பரிமாறும் பாக்கெட்டை அது விழுங்கிவிடக்கூடும். எழுத்தில் உறுதி வாங்குங்கள். தராவிட்டால் இரண்டு முனையிலும் ஐபிசெக் (பாக்கெட்டை மறையாக்கி அனுப்பும்) ஃபயர்வால்.

ஃபைபர் போட்டும் இடி விழுந்து இரண்டு சுவிட்சும் போய்விட்டன. ஃபைபரில் கரண்ட் வராதே?

கண்ணாடியில் வராது, ஆர்மர்டு (இரும்புக் கவசம் உள்ள) கேபிளின் இரும்பில் வரும். அந்த இரும்பை இரண்டு பக்கமும் எல்ஐயூ பெட்டி வழியாக ரேக்கில் சேர்த்திருப்பார்கள். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே ஆர்மரை வெட்டி, அங்குள்ள எர்த் பட்டையில் இணைக்க வேண்டும். ரேக் வரை வரவிடக் கூடாது. புதிதாகப் போடுவதானால் உலோகமே இல்லாத கேபிளை ஹெச்டிபிஇ குழாயில் இழுங்கள். கம்பத்திலிருக்கும் கேமராக்களின் செம்பு வயர்களையும் மறக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பிஓஇ சர்ஜ் புரொடெக்டர், அதன் எர்த் வயர் குட்டையாக. கரண்ட் வரும் பக்கமும் ஒன்று வேண்டும்.