புழுக்கத்துக்கு ஒரு கூடம்

கேள்வி: டெல்லி வெயிலுக்கு ஏர்கூலர் வைத்துச் சமாளிக்கிறார்கள். அதுபோல எங்கள் மன்ற அறையிலும் (400 சதுர அடி) நாலு ஏர்கூலர் வைத்து, அக்கம்பக்கத்தார் 30 பேர் வந்து உட்கார வசதி செய்யப் பணம் திரட்டுகிறோம். காலை 11 முதல் மாலை 5 வரை திறந்து, வெயில் தாழ்ந்ததும் பூட்டிவிடலாம் அல்லவா?
- ஒரு வாசகர், தாராவி, மும்பை

பதில்: 'வெயில்' என்று இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். தப்பு அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. மே மாதம் டெல்லியில் அடிப்பது வெயில், வீசுவது அனல். மும்பையில் ஆளைச் சாய்ப்பது புழுக்கம். புழுங்கல் அரிசி எப்படி ஆகிறது என்று தாராவியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? நெல்லை ஊறவைத்து, மூடி, ஆவியில் வேகவைக்கிறோம். பத்துக்குப் பத்து அறையில், தகரக் கூரைக்குக் கீழே, ராத்திரி படுத்திருக்கும் பாட்டிக்கும் அந்த நெல்லின் கதிதான்.

32 டிகிரிதானே என்பார்கள். ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் அது உடம்புக்கு 41 போல உறைக்கும். வியர்வை வழியும், காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது.

ஏர்கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கிறது. 42 டிகிரி சூடும் 15 சதவீத ஈரமும் உள்ள டெல்லிக் காற்றை நல்ல கூலர் 26 வரை இறக்கிவிடும். 34 டிகிரி, 65 சதவீத ஈரம் உள்ள நம் காற்றை 30க்குக் கொண்டுவருவதே பெரிது. அதற்குள் அறை ஈரத்தில் ஊறிவிடும். நாலு கூலரும் 30 பேரும் சேர்ந்தால் அது இட்லிக் கொப்பரை. ஏசியின் பின்குழாயில் சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். அறையிலிருந்து பிடித்து வெளியே தள்ளிய புழுக்கம் அது. கூலர் அதே தண்ணீரை உள்ளே ஊற்றுகிறது.

ஆகவே 2 டன் ஸ்பிளிட் ஏசி இரண்டு வாங்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் 100 வாட்டுக்கு மேல் வெப்பம் விடுகிறார். ஏசியின் குளிர்விக்கும் திறனில் 30 பேருக்கு மட்டுமே கிட்டத்தட்ட 1 டன் போய்விடும். ஒவ்வொரு ஏசிக்கும் மீட்டரிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, தனி எம்.சி.பி. (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) வேண்டும். எக்ஸ்டென்ஷன் பலகையில் சொருகினால் பிளக் உருகும். மின் இணைப்பின் அனுமதி லோடையும் முதலில் உயர்த்திக்கொள்ளுங்கள். 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் ஓடவிடுங்கள். 18இல் வைத்தால் பெரியவர்கள் நடுங்கி எழுந்து போய்விடுவார்கள். ஸ்பிளிட் ஏசி அறைக்காற்றையே சுற்றவிடும். ஒரு 9 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் தலை வலிக்கும். வாரம் ஒருமுறை ஃபில்டரைக் கழுவுங்கள். தாராவித் தூசியில் அது அடைத்தால் ஏசிக்குள் குளிரும் காயிலில் (குழாய்ச் சுருளில்) ஐஸ் கட்டி, தண்ணீர் அறைக்குள் ஒழுகும்.

இனி நேரம். பொழுது சாய்ந்தால் வெயில் போகும், புழுக்கம் போகாது. பகல் முழுக்கச் சூடு குடித்த சுவர் ராத்திரியில் அதைக் கக்கும். தூக்கத்தில்தான் உடம்பு தேறவேண்டும். மதியம் 12 முதல் 4, இரவு 9 முதல் காலை 6 என்று பிரித்துத் திறங்கள். இரவில் முதியவர், கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரர்களுக்கு முன்னுரிமை. அரசு அறிவிப்புக்காகவும் காத்திருக்காதீர்கள். கடலோர ஊரில் வெப்ப அலை என்று சொல்ல வானிலைத் துறைக்குக் குறைந்தது 37 டிகிரியும், இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலும் வேண்டும். புழுங்கிச் சாகும் 34 டிகிரி நாள் அந்தக் கணக்கில் வராது.

என் பழைய சண்டையை இங்கேயும் போடுவேன்: கழிப்பறை. அது பக்கத்தில் இல்லாவிட்டால் பெண்கள் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். தாகத்தோடு ஏசியில் உட்காருவது பாதி வைத்தியம். வெளிச்சமும் உள்தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை இருந்தால்தான் இரவில் அவர்கள் வருவார்கள்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்ட அளவுப்படி முழுத் தண்ணீரில் கரையுங்கள், பாதியில் வேண்டாம். யாருக்காவது பேச்சுக் குழறி உடம்பு கொதித்தால், வியர்த்திருந்தாலும் அது வெப்பத்தாக்குதான். 108ஐ அழைத்துவிட்டு, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஈரத்துணி வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கூலருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே போய்த் திருப்பிக் கேளுங்கள். தரமாட்டார்கள் என்றால் தண்ணீர் ஊற்றாமல் வெறும் ஃபேனாக ஓட்டுங்கள்.