குளத்தை மூடியிருப்பது ஆகாயத்தாமரையா, பாசியா? எப்படி அடையாளம் காண்பது?

“எங்கள் ஊர்க் குளத்தில் தண்ணீரே தெரியாத அளவுக்குப் பச்சை. ஒருவர் ஆகாயத்தாமரை என்கிறார், இன்னொருவர் பாசி என்கிறார். மருந்து அடித்தால் போய்விடுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கண்மாய் மீன்குத்தகை, பண்ணைக்குட்டை என்று பல வருடமாகத் தண்ணீரோடுதான் என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். இது என்ன பச்சை என்று தெரியாமல் மருந்துக் கடைப் பக்கம் போகவே போகாதீர்கள்.

கையை விடுவதற்கு முன், கரையில் நின்று ஒரு நீளக் குச்சியைத் தண்ணீரில் விட்டுத் தூக்குங்கள். பஞ்சு மாதிரி, ஈரத் தலைமுடி மாதிரி நூல்நூலாகச் சுற்றிக்கொண்டு வந்தால் அது நூல்பாசி. அசிங்கமாக இருக்குமே தவிர பெரும்பாலும் ஆபத்து கிடையாது. குச்சியில் எதுவுமே சிக்காமல், பெயின்ட் டப்பாவில் முக்கி எடுத்தது போலப் பச்சை பூசிக்கொண்டு வந்தால் உஷாராகுங்கள். அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். பெயரில்தான் பாசி. உண்மையில் அது பாக்டீரியா இனம். காற்று ஒதுக்கும் கரையில் ஏடு மாதிரி திரளும், காயும் இடத்தில் நீலமாக ஒரு விளிம்பு கட்டும், அழுகினால் நாறும்.

சந்தேகம் தீரவில்லையா? கையுறை போட்டுக்கொண்டு ஒரு கண்ணாடி பாட்டிலில் முக்கால் பங்கு அந்தத் தண்ணீரைப் பிடித்து, மூடி, ஓர் இரவு அசையாமல் வையுங்கள். காலையில் பச்சை மேலே வளையமாக மிதந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கீழே படிந்தால் பெரும்பாலும் சாதாரணப் பச்சைப்பாசி. நீலப்பச்சைப் பாசியில் சில வகைகள் ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்து மாடும் நாயும் செத்திருக்கின்றன. காய்ச்சினாலும் அந்த நஞ்சு போகாது.

வெறுமனே தண்ணீர் பச்சையாக இருப்பது வேறு விஷயம். மீன் வளர்ப்பவனுக்கு இளம்பச்சைத் தண்ணீர் நல்ல சகுனம், மீன்குஞ்சுக்கு அதுதான் சோறு. முழங்கை வரை கையை நேராக உள்ளே விட்டு உள்ளங்கையைப் பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால் போதும். மணிக்கட்டு முழுகுவதற்குள்ளேயே கை மறைந்துவிட்டால் பாசி அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

இனி மிதக்கும் செடிகள். பெயர்க் குழப்பமே இங்கேதான் ஆரம்பம். இன்று எல்லாரும் ஆகாயத்தாமரை என்று சொல்வது ஊதாப்பூ பூக்கிற வெங்காயத்தாமரையை. இலைக்காம்பு வெங்காயம் போல உப்பியிருக்கும். விரலால் நசுக்கினால் உள்ளே ஸ்பாஞ்சு. பூவின் மேல் இதழில் மயில்கண் போல மஞ்சள் பொட்டு. தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. சூழ்நிலை வாய்த்தால் பத்துப் பதினைந்து நாளில் இரட்டிப்பாகிவிடும், விதை சேற்றில் வருடக்கணக்கில் தூங்கும். சித்த வைத்தியர்கள் ஆகாயத்தாமரை என்பது வேறு செடி. அதற்குக் காம்பே இருக்காது, பூவும் கண்ணுக்குத் தெரியாது. முட்டைக்கோஸ் விரிந்த மாதிரி அடுக்கடுக்காக இலை, தடவினால் வெல்வெட், தண்ணீர் தெளித்தால் ஒட்டாமல் உருண்டோடும். ஒருவர் மருந்துக்கு என்று கேட்டு இன்னொருவர் வெங்காயத்தாமரையைப் பறித்துக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

சால்வினியாவையும் அசோலாவையும் கூட மாற்றிச் சொல்வார்கள். கேரளத்தில் ஆப்பிரிக்கன் பாயல் என்று திட்டு வாங்கிய சால்வினியாவின் இலை கட்டைவிரல் நகமளவு இருக்கும். மேலே பொடிப்பொடி மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியும் முட்டை அடிக்கும் கரண்டி போல வளைந்து கூடியிருக்கும். அசோலா அதைவிடச் சின்னது, செதில்செதிலாக இருக்கும், வெயிலில் செம்பழுப்பாகும். மாட்டுக்குத் தீவனம், நெல்வயலுக்குத் தழைச்சத்து. அதற்கும் பொடியாக, உள்ளங்கையில் ரவை கொட்டியது போல வேரே இல்லாத பச்சை மணிகள் ஒட்டினால் அது வொல்ஃபியா. உலகத்திலேயே சின்னப் பூச்செடி அதுதான்.

தண்ணீருக்கு அடியில் கொடியாகக் கிடப்பது பெரும்பாலும் ஹைட்ரில்லா. தண்டைச் சுற்றி நான்கைந்து இலைகள் வட்டமாக இருக்கும், ஓரத்தைத் தடவினால் சொரசொரக்கும். அரிவாளால் வெட்டிப் போட்டால் ஒவ்வொரு கணுவும் ஒரு புதுச் செடி. அதனால் வெட்டுவதைவிட வாரிக் கரையேற்றுவதுதான் வழி. புல்கெண்டை மீன் ஹைட்ரில்லாவை விரும்பித் தின்னும், வெங்காயத்தாமரையைச் சீந்தாது. கசக்கினால் பூண்டு வாடை வந்து, கையில் மணல் போல நறநறத்தால் அது காரா. செடி போலத் தெரிந்தாலும் பாசி இனம்.

அல்லியையும் கொட்டியையும் களை என்று பிடுங்கிவிடாதீர்கள், ஐயா. குளம் வற்றினாலும் சேற்றுக்குள் கிழங்காகக் காத்திருந்து, மழை பெய்ததும் எழும்புகிற நம் ஊர்ச் செடிகள் அவை. இலைக்கோழி அந்த மிதக்கும் இலைகள்மேல்தான் முட்டையிடும். அவை குளத்தையே மூடினால் மட்டும் கொஞ்சம் விலக்கினால் போதும்.

இப்போது மருந்து. முதன்முதலில் குட்டை எடுத்தபோது நூல்பாசி மொய்த்துவிட்டது. கடைக்காரர் சொன்னதைக் கேட்டு மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) கரைத்து ஒரே நாளில் குட்டை முழுக்க அடித்துவிட்டேன். இரண்டு நாளில் பாசி வெளுத்து அடியில் அமிழ்ந்தது, எனக்குச் சந்தோஷம். மூன்றாம் நாள் விடியற்காலை போய்ப் பார்த்தால் கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை இறைத்து ஊற்றினேன், பாதிக்கு மேல் மிஞ்சவில்லை. செத்த பாசி அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகிறது. ராத்திரியில் புதிதாகச் சேர வழியில்லாமல், விடிகிற நேரத்தில் அது மிகக் குறைந்துபோகும். அந்த வாய்கள் திறந்து மூடியது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. நீலப்பச்சைப் பாசியில் துத்தம் போட்டால் இன்னும் மோசம், செல் வெடித்து உள்ளிருக்கும் நஞ்சும் தண்ணீரில் கலக்கும்.

வாரி எடுப்பதானாலும் மூன்றில் ஒரு பங்கு, பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விட்டு அடுத்த பங்கு. வெங்காயத்தாமரையை இரண்டு கரைக்கும் கயிறு கட்டி ஒதுக்கி இழுங்கள், பூப்பதற்கு முன் எடுத்தால் அடுத்த வருடப் பாடு குறையும். இந்தச் செடியைத் தின்று குறைப்பதற்காகவே 1980களில் இந்தியாவுக்குக் கொண்டுவந்த கூன்வண்டு உங்கள் குளத்திலேயே இருக்கலாம். இலையில் நகம் பட்ட மாதிரிச் சிறுசிறு கட்டமாகச் சுரண்டிய தழும்பு இருந்தால் அதுதான். அந்தச் செடிகளை ஒரு மூலையில் விட்டுவையுங்கள், பூச்சி மருந்து அடிக்காதீர்கள். வாரியதைக் கரையிலேயே போட்டால் மழையில் அத்தனையும் திரும்ப உள்ளே போகும், தூரமாகக் கொண்டுபோய் மக்க வையுங்கள். கையோடு எந்தச் சாக்கடை குளத்தில் விழுகிறது என்றும் பாருங்கள். இவை எல்லாவற்றுக்கும் தீனி அங்கிருந்துதான் வருகிறது.

நாளைக் காலையில் முதல் வேலையாக மாடு தண்ணீர் குடிக்கும் துறையில் குச்சியை விட்டுப் பாருங்கள். பெயின்ட் போல ஒட்டினால், பாட்டில் சோதனை முடியும் வரை மாட்டையும் பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். செடியாக இருந்தால் வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டு, மேலிருந்து ஒரு படம், கவிழ்த்து வேர் தெரிய ஒரு படம் எடுத்துப் போடுங்கள். பெயரைச் சொல்கிறேன்.