யூ-1206 மூழ்கியது எப்படி? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப் போரில் யூ-1206 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கியின் கேப்டன் கழிப்பறையில் தவறான வால்வைத் திறந்ததால் கப்பலே மூழ்கியது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். கீழே பின்னூட்டங்களில் ஒரே சிரிப்பு. ஒரு கழிப்பறை வால்வு 67 மீட்டர் நீளமுள்ள கப்பலை மூழ்கடிக்குமா? அந்தக் கப்பல் போரில் வேறு என்ன செய்தது?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

மூழ்கடிக்கும். அதைத் திறந்தவர் கேப்டன்தானா என்பதில் மட்டும் எனக்குப் பெரிய சந்தேகம் உண்டு.

போர்க்கணக்கைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். டான்சிக் நகரின் ஷிஷாவ் தளத்தில் 1943 ஜூனில் கட்டத் தொடங்கி, 1944 மார்ச் 16 அன்று கடற்படையில் சேர்க்கப்பட்ட ஏழு-சி வகை நீர்மூழ்கி அது. அந்த ஜூலையிலிருந்து கார்ல்-அடால்ஃப் ஷ்லிட் அதன் கேப்டன். 1945 ஜனவரி வரை பயிற்சிதான். ஏப்ரல் 6 அன்று நார்வேயின் கிறிஸ்டியான்சாண்டிலிருந்து முதல் போர்ப்பயணம் கிளம்பியது. ஏப்ரல் 14 அன்று ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் துறைமுகத்துக்கு அருகே முடிந்துபோனது. ஒரு கப்பலைக்கூட அது மூழ்கடிக்கவில்லை.

இனி கழிப்பறை. ஏழு-சி வகையில் இரண்டு உண்டு. பயணத் தொடக்கத்தில் ஒன்றில் உணவுப் பொருட்களை அடைத்துவிடுவார்கள். ஐம்பது பேருக்கு மிஞ்சுவது ஒன்று. பழைய அமைப்பில் கழிவைக் கைப்பம்பால் வெளியே தள்ள வேண்டும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் கூடும். சுமார் 25 மீட்டருக்குக் கீழே போனால் அந்தப் பம்பு பயன்படாது. நீர்மூழ்கிகள் பெரும்பாலும் நீருக்கு மேலேயே ஓடிய காலத்தில் இதைச் சமாளித்தார்கள். ரேடார் பொருத்திய விமானங்கள் பெருகிய பிறகு, மேலே வந்தால் சாவு என்றானது. நாள்கணக்கில் அடியிலேயே கிடக்க வேண்டிய கப்பல்களுக்காகத்தான் உயர் அழுத்தக் கழிப்பறை வந்தது.

அதில் கழிவு முதலில் ஒரு சிறு அறைக்குள் போகும். உள் வால்வை மூடி, வெளி வால்வைத் திறந்து, அழுத்தக் காற்றால் கடலுக்குள் ஊதித் தள்ள வேண்டும். வெளி வால்வை இறுக மூடிய பிறகே உள் வால்வில் கை வைக்கலாம். இந்த வரிசை தவறி இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் கடல் நேராக உள்ளே வரும். இதற்கென்றே ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து வைத்திருந்தார்கள் என்றால் எவ்வளவு சிக்கலான கருவி என்று பாருங்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 மீட்டர் ஆழத்தில் 5 செ.மீ. விட்டமுள்ள துளை என்று வைத்துக்கொள்வோம். நொடிக்குச் சுமார் 40 லிட்டர் நீர் பாயும். நிமிடத்துக்கு இரண்டு டன்னுக்கு மேல். அந்தத் துளையைக் கையால் அடைக்க 120 கிலோ விசை வேண்டும். நீருக்கடியில் எடையைத் துல்லியமாகச் சமன்செய்து மிதக்கும் கப்பலுக்கு ஒரு முனையில் ஒரு டன் கூடினாலே சமநிலை கெட்டுவிடும்.

உண்மையான கொலைகாரன் தரைக்குக் கீழே இருந்தது. ஏழு-சி வகையில் 62 செல் கொண்ட ஈய-அமில பேட்டரிகள் இரண்டு; ஒன்று முன்பகுதித் தங்குமிடத்துக்கு நேர் அடியில். கடல்நீரின் உப்பு பேட்டரிக்குள் போனால் குளோரின் வாயு கிளம்பும். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமான வாயு, மூடிய குழாய் போன்ற கப்பலுக்குள். அதன் பிறகு கீழே இருக்க வழியே இல்லை. கப்பலை அமிழ்த்த நீர் நிரப்பும் தொட்டிகளைக் காலிசெய்து மேலே வந்தார்கள். எடை குறைய டார்பிடோக்களை ஏவினார்கள். மேலே விமானம் தாக்கியது. கப்பலை மூழ்கடிக்க ஷ்லிட் உத்தரவிட்டார். 4 பேர் இறந்தார்கள். 46 பேர் சிறைப்பட்டார்கள்.

யார் திறந்தது? ஷ்லிட் பின்னாளில் கொடுத்த விவரம் இது: டீசல் எஞ்சின் பழுதாகி, அதைச் சரிசெய்யக் கப்பல் கடலடியில் கிடந்தது, அவர் பின்பக்க எஞ்சின் அறையில் இருந்தார், முன்பக்கக் கழிப்பறையின் வெளி வால்வை ஒரு மெக்கானிக் பழுது பார்க்கும்போது நீர் புகுந்தது, வால்வு திறந்திருக்கிறதா என்று காட்டும் கருவி தவறாகக் காட்டியிருக்கலாம், ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை என்று அவரே சொல்கிறார். தன் பெயரைக் காக்க வேண்டியவரின் சாட்சியம் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் கேப்டனே கழிப்பறைக்குப் போய்க் குளறுபடி செய்தார் என்ற கதையைவிட இது கப்பலின் அமைப்போடு பொருந்துகிறது. எஞ்சின் பழுது, அதனால் பேட்டரிக்கு மின்னேற்ற முடியாத நிலை, அந்த நேரத்தில் இன்னொரு பழுதுவேலை: விபத்துகள் பெரும்பாலும் இப்படி அடுக்கடுக்காகத்தான் நேர்கின்றன.

மூன்றாவது சாத்தியமும் உண்டு. 1970களில் வட கடலின் ஃபோர்ட்டீஸ் எண்ணெய் வயலிலிருந்து குழாய் பதிக்க ஆய்வு செய்தபோது, ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில் யூ-1206இன் சிதைவு கிடைத்தது. அதே இடத்தில் அதற்கு முன்பே மூழ்கிய வேறொரு கப்பலும் கிடக்கிறது. அதில் மோதியதால்தான் கசிவு தொடங்கியிருக்கலாம் என்று ஸ்காட்லாந்தின் தொல்சின்னங்களுக்கான ராயல் ஆணையத்தின் ஆய்வு கருதியது. அது சரியென்றால் கழிப்பறைக்கு இதில் பங்கே இல்லாமலும் போகலாம்.

போர் முடிய 24 நாட்களே இருந்தபோது இறந்த அந்த நால்வரைப் பற்றி அந்தக் காணொளியில் ஒரு வார்த்தையாவது இருந்ததா?