இலங்கை போன்ற வெப்பமான நாட்டில் சுக்கினியை (வெள்ளரிக்காய் போலிருக்கும் பூசணி வகைக் காய்) வியாபாரமாகப் பயிரிட முடியுமா?

முடியும். மலைநாட்டில் பண்டாரவளைப் பக்கம் 40 பேர்ச் (கால் ஏக்கர்) காணியில் சில போகம் செய்து கையைச் சுட்டுக்கொண்டவன் நான். செடியை வளர்ப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. விடியற்காலையில் நீங்கள் தோட்டத்தில் நிற்பீர்களா என்பதுதான் கேள்வி.

எங்கள் ஊர் சுமார் 1,200 மீற்றர் உயரம். நுவரெலியாவைப் போல் தை மாதத்தில் உறைபனி விழுந்து இலை கருகாது, கீழ்நாட்டு வெக்கையும் கிடையாது. நீங்கள் கீழ்நாட்டவர் என்றால் 30 பாகை செல்சியஸைத் தாண்டும் மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். செடி செழிப்பாகத்தான் இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஆண் பூவாகவே பூத்துத் தள்ளும்.

ஆண் பூவுக்கு வெறும் காம்பு. பெண் பூவின் அடியில் விரல் அளவு பிஞ்சு இருக்கும். இரண்டும் விடியலில் விரிந்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். அதற்குள் தேனீ வந்து போக வேண்டும். ஒரு ஐப்பசி மழையில் தேனீயே வரவில்லை. பிஞ்சுகள் நுனியில் மஞ்சளாகி அழுகி விழுந்தன. நோய் என்று நினைத்து இரண்டு போத்தல் மருந்து வாங்கி அடித்தேன். காசுதான் போயிற்று. பிறகு வந்து பார்த்த விவசாயப் போதனாசிரியர், “நோய் இல்லை தம்பி, மகரந்தம் சேரவில்லை” என்றார்.

மறுநாள் முதல் ஆறு மணிக்கே அம்மாவும் நானும் இறங்கினோம். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, மஞ்சள் தூள் ஒட்டிய நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் மெல்லத் தேய்க்க வேண்டும். மழைக்குறி தெரிந்தால், மறுநாள் விரியவிருக்கும் ஆண் மொட்டுகளை மாலையே காம்போடு பறித்து வீட்டுக்குள் தண்ணீரில் நிறுத்திவைப்போம். நான் ஒரு வரிசை முடிப்பதற்குள் அம்மா மூன்று முடித்துவிடுவார். முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த கை அல்லவா!

பூ விரிந்து ஒரு வாரத்துக்குள் காய் 15 முதல் 20 சென்ரிமீற்றர் வந்துவிடும். ஹோட்டல்காரர் கேட்பது அந்த அளவைத்தான். அதே போகத்தில் தீபாவளிக்காக மூன்று நாள் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். வாங்குபவர் கையால் தொடவும் இல்லை. பாதி கூட்டாயிற்று, மீதியைப் பசு தின்றது. முற்றிய காயைச் செடியில் விட்டால் அடுத்த பிஞ்சு பிடிப்பதும் குறையும்.

தோலும் மகா மென்மை. இலைக் காம்பில் இருக்கும் சுணை, காற்றில் ஆடும்போதே காயைக் கீறிவிடும். கத்தியால் காம்போடு வெட்டித் துணி விரித்த கூடையில் அடுக்குங்கள். கோவாவை (முட்டைக்கோஸ்) போல் மூட்டை கட்டி லொறியில் எறிய முடியாது.

தேயிலை இருந்த காணி என்றால் மண் புளிப்பாக இருக்கும். பரிசோதித்துப் பார்த்து டொலமைட் சுண்ணாம்பு இடுங்கள். இலையில் வெள்ளைப் பொடி படர்ந்தால் அது சாம்பல் நோய், அடியிலைகளை உடனே கழித்துவிடுங்கள். பழ ஈ குத்திய காயை ஆழமாகப் புதையுங்கள். இலை சுருங்கித் தேமல் விழுந்தால் வைரஸ். அழுக்கணவன் (அசுவினிப் பூச்சி) பரப்புவது, மருந்து கிடையாது, பிடுங்கி எறிவதுதான் வழி.

விதைக்கு முன் வாங்கும் ஆளைப் பிடியுங்கள். போஞ்சி (பீன்ஸ்), கரட் என்றால் எந்தச் சந்தையிலும் தள்ளிவிடலாம். சுக்கினியை நம் வீடுகளில் யார் சமைக்கிறார்கள்? ஹோட்டலும் சூப்பர் மார்க்கெட்டும்தான். 2020 மார்ச்சில் கொரோனாவால் விமான நிலையத்தை மூடியதும் என்னிடம் வாங்கிய ஹோட்டல்காரர் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். இப்போது 10 பேர்ச்சில் மட்டும் சுக்கினி, அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒரு பாத்தியாக விதைக்கிறேன். மீதி முழுக்கப் போஞ்சி.