மகனுக்கு ஆர்.பி. கண் நோய்; மகள் கல்யாணத்தை நிறுத்த வேண்டுமா?

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார்:

"ரப்பர் பால் வெட்டுத் தொழில் செய்கிறேன். மூத்தவனுக்கு வயது 20, பாலிடெக்னிக் முடித்திருக்கிறான். சின்னதிலிருந்தே அந்தி நேரத்தில் தடுமாறுவான். மாலைக்கண் என்று முருங்கைக்கீரையும் மீன் எண்ணெய் மாத்திரையும் கொடுத்தோம். போன மாதம் என்னோடு விடியக்காலம் பால் வெட்ட வந்தான். ஹெட்லைட் வெளிச்சத்தில் மரத்தில் கத்தி சரியாகப் போகிறது; பக்கத்தில் பால் சேருகிற சிரட்டையைத் தட்டிவிடுகிறான். கண் டாக்டர் பார்த்துவிட்டு 'ஆர்.பி., இதற்கு மருந்து இல்லை' என்றார். நான் கட்டியது சொந்த மாமன் மகளை, அதனால்தான் இப்படி என்று ஊரில் பேசுகிறார்கள். 17 வயது மகளை என் அக்கா மகனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு இருக்கிறது. அதை நிறுத்திவிடலாமா? வெளியூரில் ஒரு கிளினிக்கில் ஸ்டெம்செல் ஊசி போட ஒரு கண்ணுக்கு 2 லட்சம் கேட்கிறார்கள். இருக்கிற 20 சென்டை விற்றால் புரட்டிவிடலாம். போகலாமா? மனைவியின் தாய்மாமா ஒருவருக்கும் 40 வயதுக்குள் பார்வை போய்விட்டது. அது கண்ணில் ரப்பர் பால் தெறித்ததால்."

இடத்தை விற்காதீர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம் பின்னால் வருகிறது.

சிரட்டையைத் தட்டிவிடுகிறான் என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியிலேயே நோய் தெரிந்துவிட்டது. விழித்திரையில் இரண்டு வகை செல்கள் வெளிச்சத்தை வாங்குகின்றன. குச்சி செல்கள் ஒரு கண்ணில் ஏறக்குறைய 12 கோடி; மங்கிய வெளிச்சத்துக்கும் பக்கப் பார்வைக்கும் இவைதான். கூம்பு செல்கள் 60 லட்சம்தான்; நிறம், எழுத்து, நேராகப் பார்க்கிற பொருள் எல்லாம் இவற்றின் வேலை, நடுவில் நெருங்கிக் கிடப்பவை. ஆர்.பி. என்கிற ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா பரம்பரையாக வருகிற விழித்திரை நோய். அதில் குச்சி செல்கள் முதலில் சாகின்றன. நடுப்பகுதி கடைசி வரை தாக்குப்பிடிக்கும். அதனால்தான் உங்கள் மகனுக்கு வெட்டுவாய் தெரிகிறது, ஒரு சாண் தள்ளி இருக்கிற சிரட்டை தெரியவில்லை. கவனக்குறைவு என்று அவனைத் திட்டியிருந்தால், அந்த வருத்தத்தை இன்றைக்கே பேசித் தீர்த்துவிடுங்கள்.

சத்துக்குறைவால் வருகிற மாலைக்கண் வேறு. வைட்டமின் ஏ கொடுத்தால் நாட்களிலோ வாரங்களிலோ அது சரியாகும். கீரையும் மீனும் தின்று வளர்ந்த பையனுக்கு 15 வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே வருகிற இருட்டுத் தடுமாற்றம் அந்தக் கணக்கில் சேராது. கீரை தொடரட்டும், நல்லதுதான். வைட்டமின் ஏ மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கி அதிக அளவில் கொடுக்காதீர்கள். ஆர்.பி.க்கு அது உதவும் என்று 1993-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு சொன்னது. பல வருடம் எழுதிக் கொடுத்தார்கள். அதே நோயாளிகளின் பதிவுகளை மரபணு விவரத்தோடு மறுபடி அலசி 2023-ல் வெளியிட்டபோது பலன் தெரியவில்லை. அளவு மீறினால் வைட்டமின் ஏ ஈரலுக்குக் கெடுதல், கருவில் இருக்கிற பிள்ளைக்கும் கெடுதல். சில வகை மரபணுக் கோளாறில் விழித்திரையையே அது இன்னும் கெடுக்கும்.

"மருந்து இல்லை" என்று டாக்டர் சொன்னது பாதி உண்மை. செத்த செல்லை எழுப்புகிற மருந்து இல்லை. ஆனால் இந்த நோய்க்காரர்களுக்குச் சின்ன வயதிலேயே லென்ஸின் பின்பக்கம் புரை விழும். அதை ஆபரேஷன் செய்யலாம். விழித்திரையின் நடுவில் நீர் கோத்துக்கொள்ளும். சொட்டு மருந்திலோ மாத்திரையிலோ பலருக்கு அது வற்றும். ஆர்.பி.தானே என்று விட்டுவிட்டு, சரியாக்கக்கூடிய இந்த இரண்டையும் கவனிக்காமல் நாலைந்து வருடம் கழித்து வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வரும். ஆகவே வருடத்துக்கு ஒரு முறை விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கிற ஓ.சி.டி. ஸ்கேன், ஃபீல்டு டெஸ்ட் எனப்படும் பார்வைப் பரப்புச் சோதனை இரண்டும் எடுக்க வேண்டும். காது கேட்பதில் குறை உண்டா, பிறக்கும்போது கையிலோ காலிலோ ஆறாவது விரல் இருந்ததா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆர்.பி. சில சமயம் வேறு உறுப்புகளைத் தொடுகிற நோயின் ஒரு துண்டாக வரும். அவற்றில் ரெஃப்சம் நோய் போல அபூர்வமான ஒன்றிரண்டுக்கு உணவுக் கட்டுப்பாடே வைத்தியம்.

இனி உங்களை அரிக்கிற விஷயம். உறவில் கட்டியதால்தானா?

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், மனைவியின் தாய்மாமாவைப் பற்றி. நான் உங்கள் எதிரில் இருந்தால் மற்றதை நிறுத்திவிட்டு அங்கிருந்துதான் தொடங்குவேன். ஒரு தாளை எடுங்கள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். பார்வை போனவரின் கட்டத்தை மையால் நிரப்புங்கள். மகன் ஒரு கறுப்புக் கட்டம். அவனுக்கு மேலே உங்கள் மனைவி, வெறும் வட்டம். மனைவிக்கு மேலே மாமியார், அதுவும் வெறும் வட்டம். மாமியாருக்குப் பக்கத்தில் அவருடைய உடன்பிறப்பு, இன்னொரு கறுப்புக் கட்டம். பார்வை போனவர்கள் இருவரும் ஆண்கள், இடையில் இருக்கிற இரு பெண்களுக்கும் பார்வை நன்றாக இருக்கிறது.

மரபணுக்களைத் தாங்குகிற குரோமோசோம்களில் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருகிற ஆர்.பி. இப்படித்தான் இறங்கும். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று கெட்டாலும் மற்றது பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். ஆணுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் அம்மாவிடமிருந்து வந்தது. உங்கள் மகனுக்கு இதுவாக இருந்தால், நீங்கள் மாமன் மகளைக் கட்டியதற்கும் நோய்க்கும் தொடர்பில்லை. உங்கள் மனைவி கன்னியாகுமரியிலோ காஷ்மீரிலோ வேறு யாரைக் கட்டியிருந்தாலும் அவர் பெறுகிற ஒவ்வொரு ஆண் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்திருக்கும். அவர் மேலும் பழி இல்லை. அவருக்கே தெரியாமல் வந்த சொத்து அது.

ஊர் சொல்வது போல நோய் ஒடுங்கு மரபணு வழியாகவும் வந்திருக்கலாம். தாய் தகப்பன் இருவரிடமும் ஒரே பழுதான மரபணு ஒவ்வொன்று இருந்து, இரண்டும் பிள்ளையிடம் சேர்ந்தால் நோய். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. உறவுக் கல்யாணம் இதைத்தான் கூட்டுகிறது. ஆனால் உங்களுக்கும் மனைவிக்கும் பொதுவான தாத்தா பாட்டி உங்கள் மாமனாரைப் பெற்றவர்கள். பார்வை போன தாய்மாமாவோ மாமியார் வழி. மாமியாரும் சொந்தத்தில் வந்தவர் இல்லையென்றால், ஊர்க் கணக்கு இங்கே சரியாகப் பொருந்தவில்லை.

மகள் விஷயத்தில் இரண்டு கணக்கும் வேறு வேறு விடை தரும். எக்ஸ் வழி என்றால் அவள் அந்தப் பழுதான மரபணுவைச் சுமக்க வாய்ப்பு பாதி. சுமந்தால், அக்கா மகனைக் கட்டினாலும் அந்நியத்தில் கட்டினாலும் அவளுடைய ஆண் பிள்ளைகளுக்கு ஒரே அளவு ஆபத்துதான். மாப்பிள்ளையை மாற்றுவதால் எதுவும் மாறாது. ஒடுங்கு மரபணு என்றால், நோயில்லாத மகள் சுமப்பவளாக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. நீங்கள் சுமப்பவர் என்பது நிச்சயம். உங்கள் அக்காவுக்குப் பாதி, அவர் மகனுக்கு அதில் பாதி, அதாவது நாலில் ஒன்று. இருவரும் சுமப்பவராக இருந்தால் பிள்ளைக்கு மறுபடி நாலில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால் 24-ல் ஒன்று. சின்ன எண் இல்லை. அதற்காக இடிந்துபோகிற எண்ணும் இல்லை. மரபணுப் பரிசோதனை முடிந்தால் இந்த 24-ல் ஒன்று ஒன்றுமில்லாமல் போகலாம், நாலில் ஒன்றாக ஏறவும் செய்யலாம். அதுவரை பேச்சை முறிக்கவும் வேண்டாம், நாள் குறிக்கவும் வேண்டாம். பெண்ணுக்கு 17 வயதுதானே, என்ன அவசரம்? கண்ணை இப்போதே பரிசோதிக்கலாம். சுமக்கிறாளா என்று பார்க்கிற மரபணுப் பரிசோதனையை 18 நிறைந்த பிறகு அவள் தானாக முடிவு செய்யட்டும்.

பரிசோதனை என்பது கொஞ்சம் ரத்தமோ எச்சிலோ. ஆர்.பி. ஒரே நோய் மாதிரிப் பேசுகிறோமே தவிர, இந்த வகைப் பரம்பரை விழித்திரை நோய்களுக்குக் காரணமாக 270-க்கும் மேற்பட்ட மரபணுக்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆர்.பி.யில் முதலாவது 1990-ல் பிடிபட்டது: ரோடாப்சின். இன்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் படித்துவிடுகிறார்கள். பத்துப் பேரில் ஆறேழு பேருக்குத்தான் தெளிவான விடை வரும். மற்றவர்களுக்கு "பொருள் நிச்சயமில்லாத மாற்றம்" என்று அறிக்கை வரலாம். மகனோடு உங்கள் இருவர் ரத்தமும் கொடுத்தால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் குறையும். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் ஆகிய இரண்டிலும் கண் மரபணுப் பிரிவு உண்டு. அதற்கு முன் ஈ.ஆர்.ஜி. எடுக்க வேண்டும்: அரை மணி நேரம் இருட்டில் உட்காரவைத்து, பிறகு வெளிச்சத்தைப் பளிச்சிட்டு, விழித்திரை கொடுக்கிற மின்சாரத்தை அளப்பது. உங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகலாம். கருவி அன்றைக்கு வேலை செய்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

மரபணு பெயர் தெரிந்து என்ன லாபம் என்று கேட்பீர்கள். ஆர்.பி.இ.65 என்ற மரபணு கெட்டுப் பார்வை இழந்தவர்களுக்கு லக்ஸ்டர்னா என்ற சிகிச்சையை 2017 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. விழித்திரை வைட்டமின் ஏ-யைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த இந்த மரபணு வேண்டும். தீங்கில்லாத ஒரு வைரஸுக்குள் நல்ல நகலை வைத்து, விழித்திரைக்கு அடியில் செலுத்துகிறார்கள். 2001-லேயே பிறவிக் குருட்டு நாய்களுக்கு இதைச் செய்து காட்டியிருந்தார்கள். பிறகு சிகிச்சை பெற்றவர்கள் மங்கிய வெளிச்சத்தில் தடை வைத்த பாதையில் முட்டாமல் நடந்தார்கள். இரண்டு கண்ணுக்கும் விலை 8,50,000 டாலர், நம் பணத்தில் ஏழு கோடியைத் தொடும். வேறு மரபணு கெட்டவருக்கு இதே மருந்தைப் போட்டால் தண்ணீரைப் போட்டது மாதிரிதான். ஆர்.பி.காரர்களில் இந்த மரபணு கெட்டவர்கள் நூற்றுக்கு ஒருவர் இருவர்தான்.

எக்ஸ் வழி நோய்க்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது ஆர்.பி.ஜி.ஆர். என்ற மரபணு. அதற்கான மரபணுச் சிகிச்சையிலும் ஆய்வுகள் நடக்கின்றன. ஒரு பெரிய மூன்றாம் கட்ட ஆய்வு 2025-ல் வைத்த இலக்கை எட்டவில்லை. இதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட எனக்கு மனசில்லை. எந்த மரபணுவானாலும் பொருந்துகிற வழியாக ஆப்டோஜெனெடிக்ஸ் வளர்கிறது: பாசியிலிருந்து எடுத்த, வெளிச்சத்தை உணரும் புரதத்தை மிச்சமிருக்கிற நரம்பு செல்களில் ஏற்றுவது. 2021-ல் இப்படி 58 வயதுக்காரர் ஒருவர் தனிக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேசை மேல் இருந்த நோட்டுப் புத்தகத்தையும் டம்ளரையும் கண்டுபிடித்தார். முகம் பார்க்கிற அளவுக்கு இல்லை. ஆனாலும் முழு இருட்டிலிருந்து அது பெரிய தூரம்.

இப்போது ஸ்டெம்செல் ஊசிக்குக் கேட்கிற அந்த 2 லட்சம். வேறு வகை செல்லாக வளரக்கூடிய மூல செல்தான் ஸ்டெம்செல். அந்த கிளினிக்கில் மகனுடைய மரபணு அறிக்கையைக் கேட்டார்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டு நெறிப்படி, ரத்த நோய்களுக்குச் செய்கிற ரத்த மூல செல் மாற்று போன்றவை தவிர மற்ற ஸ்டெம்செல் சிகிச்சை எதுவும் அனுமதி பெற்ற ஆய்வுக்குள்தான் நடக்கலாம். ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. என்கிற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண் இருக்கும், ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள். எண்ணைக் கேளுங்கள், பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் போட்டுக்கொண்ட மூன்று பெண்கள், இருந்த பார்வையையும் இழந்தது 2017-ல் மருத்துவ இதழில் வெளியானது. அவர்களும் காசு கட்டித்தான் போனார்கள்.

உங்கள் மகனிடம் இருக்கிற பார்வைதான் நாளைக்கு எந்தச் சிகிச்சை வந்தாலும் அதற்கு மூலதனம். அவன் இனி பைக் ஓட்ட வேண்டாம், பகலிலும். மார்த்தாண்டம் ரோட்டில் பக்கத்திலிருந்து வருகிற ஆட்டோ அவனுக்குத் தெரியாது. விடியக்கால பால் வெட்டும் வேண்டாம். எழுத்து படிக்க முடிகிறது என்பதால் ஊனச் சான்றிதழ் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பார்வைப் பரப்பு 40 டிகிரிக்குக் கீழே போனால் குறைபார்வை, 10 டிகிரிக்குக் கீழே போனால் பார்வையின்மை. அட்டையில் கடைசி வரி வரைக்கும் படித்தாலும் இது பொருந்தும். ஃபீல்டு டெஸ்ட் அறிக்கையோடு ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள். 40 சதவீதம் என்று வந்தால், அரசு வேலையில் பார்வைக் குறைவு உள்ளவர்களுக்கான 1 சதவீத ஒதுக்கீட்டுக்கு அவன் போட்டியிடலாம். கம்ப்யூட்டர் வேலைக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளை இப்போதே, பார்வை இருக்கும்போதே பழகட்டும்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மனைவியையும் மாமியாரையும் கூட்டிப்போய், அவர்கள் கண்ணிலும் சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ் வழி சுமக்கிற பெண்களின் விழித்திரையில் சில சமயம் ஒரு தனி மினுமினுப்போ திட்டுத்திட்டான தேய்வோ தெரியும். தாய்மாமா உயிரோடு இருந்தால் அவரையும் அதே வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். ரப்பர் பால் தெறித்துப் போன கண் என்றால் முன்னால் கருவிழியில் வெள்ளையாகத் தழும்பு இருக்கும். கருவிழி தெளிவாக இருந்து, பின்னால் விழித்திரையில் கரும்புள்ளிகள் சிதறிக் கிடந்தால், அவர் ரத்தத்தையும் மறக்காமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.