கிளாத்தி வளரும் கடல்நீர்த் தொட்டியில் இறாலும் நண்டும் தங்குமா?

கேள்வி: மதுரை கே.கே. நகரில் வீட்டில் 4 அடி நீளம், 1½ அடி அகலம், 2 அடி உயரத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். ஒரு பிக்காசோ கிளாத்தி (டிரிகர் மீன், 4 அங்குலம்), ஒரு லயன் மீன், ஒரு ஸ்னோஃப்ளேக் அஞ்சாளை (விலாங்கு போன்ற மீன்) இருக்கின்றன. மிச்சத் தீனியைத் தின்னட்டும் என்று இரண்டு கிளீனர் இறாலும் காலிச் சங்கில் குடியிருக்கும் ஹெர்மிட் நண்டு ஆறும் விட்டேன். மூன்றாம் நாள் காலிச் சங்குகள்தான் கிடந்தன. பாறை நிறைய அடுக்கினால் தப்பிக்குமா? நட்சத்திர மீன், அனிமோன் (கடல் சாமந்தி) விடலாமா? இரண்டு மாதத்துக்கு முன் வெள்ளைப் புள்ளி நோய்க்குக் காப்பர் மருந்து ஊற்றினேன்.

பதில்: கடைசி வரியிலிருந்து தொடங்குவோம். மீனுக்கு மருந்தாகிற 0.15 முதல் 0.20 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) காப்பரே இறாலுக்கும் நத்தைக்கும் விஷம். அது தண்ணீரில் மட்டும் நிற்பதில்லை. பாறையிலும் பவள மணலிலும் படிந்து, பிறகு மெல்ல மெல்லக் கரைந்து வெளியே வரும். தண்ணீரைப் பாதி மாற்றியாயிற்று என்று நிம்மதியாக இருக்க முடியாததற்குக் காரணம் இதுதான். காப்பர் டெஸ்ட் கிட் வாங்கிப் பாருங்கள். நீங்கள் ஊற்றியது கீலேட் வகை (காப்பரை வேறொரு பொருளோடு பிணைத்த மருந்து) என்றால், அதையும் சேர்த்துக் காட்டுகிற கிட்தானா என்று அட்டையில் படித்துவிட்டு வாங்குங்கள். சீகெம் குப்ரிசார்ப் போன்ற ரெசினை ஃபில்டரில் தண்ணீர் நன்றாக ஊடுருவும் இடத்தில் வையுங்கள். காப்பரை இழுக்க இழுக்க அதன் நிறம் மாறும். புதிதாகப் போட்ட ரெசின் சில வாரம் நிறம் மாறாமல் கிடந்து, கிட்டும் பூஜ்யம் காட்டினால் ஒரே ஒரு நத்தையை விட்டுப் பாருங்கள். கண்ணாடியில் ஒட்டாமல் விழுந்து கிடந்தால் இன்னும் காப்பர் இருப்பதாக வைத்துக்கொண்டு பொறுங்கள்.

காப்பர் போன பிறகும் பாறை அடுக்குவது உதவாது. உங்கள் மூன்று மீனும் மூன்று விதமாக வேட்டையாடுபவை. கிளாத்தி பகலில் கண்ணால் தேடும். வாயால் தண்ணீரைப் பீய்ச்சி மணலைக் கிளறும், நண்டுச் சங்கைப் புரட்டும், மெல்லிய ஓடாக இருந்தால் கடித்தே உடைத்துவிடும். லயன் மீன் பொழுது சாய்ந்ததும் கிளம்பி, வாய்க்குள் அடங்கும் எதையும் ஒரே உறிஞ்சலில் விழுங்கும். அஞ்சாளையோ இரவில் மோப்பம் பிடித்துப் பாறை இடுக்குக்குள்ளேயே நுழையும். இறால் ஒளிய நீங்கள் கட்டித்தரும் பொந்து அஞ்சாளைக்கு வாசல். போதாக்குறைக்கு, இறால் சட்டை உரித்ததும் ஓரிரு நாள் உடம்பு மெத்தென்று இருக்கும். அந்த நேரத்தில் எந்த மீனிடமும் தப்பாது.

மீன் உடம்பைச் சுத்தம் செய்வதால் கிளீனர் இறாலை மீன்கள் தின்னாது என்று கடையில் சொல்லியிருப்பார்கள். களவா போன்ற மீன்கள் பல சமயம் விட்டுவைக்கும் என்பது உண்மைதான். கிளாத்தி, பேத்தை, அஞ்சாளை மூன்றிடமும் அதை நம்பாதீர்கள்.

நட்சத்திர மீனின் கைகளைக் கிளாத்தி நுனியிலிருந்து கொறிக்கும். அர்ச்சின் என்னும் கடல் முள்ளெலியைப் புரட்டிப் போட்டு, முள் குறைந்த அடிப்பக்கத்தில் கடிக்கும். கிளாத்தியை வேறு தொட்டிக்கு மாற்றினால் கதை வேறு. லயன் மீனும் ஸ்னோஃப்ளேக்கும் பொதுவாக நட்சத்திர மீன், அர்ச்சின் பக்கம் போவதில்லை. ஆனால் இறாலும் நண்டும் அப்போதும் தீனிதான். அனிமோன் எந்த வகையிலும் வேண்டாம். அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும், குறைந்தது ஆறு மாதம் பழகிய தொட்டி வேண்டும். இடம் பிடிக்காவிட்டால் நகர்ந்துபோய் பம்ப் வாயில் சிக்கிக் கூழாகி, தொட்டி முழுவதையும் கெடுத்துவிடும்.

நாங்கள் பரிந்துரைப்பது சம்ப், அதாவது பெரிய தொட்டியோடு குழாயால் இணைத்துக் கீழே வைக்கும் இரண்டாம் தொட்டி. தண்ணீர் ஒன்று, அறை வேறு. 90 × 30 × 38 செ.மீ. கண்ணாடித் தொட்டி ஒன்றை ஸ்டாண்டுக்குக் கீழே வைத்து, தண்ணீர் மட்டம் 30 செ.மீ. நிற்க மூன்றாகத் தடுங்கள். நடு அறை 45 செ.மீ. இருந்தால் சுமார் 40 லிட்டர் கிடைக்கும். இரண்டு கிளீனர் இறால், ஐந்தாறு ஹெர்மிட், சில நத்தைகளுக்குத் தாராளம். தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்ற மணிக்கு 1500 லிட்டர் ரிட்டர்ன் பம்ப் போதும். மேலிருந்து இறங்கும் குழாயில் ஒரு டீ (T வடிவ இணைப்பு), ஒரு வால்வு வைத்து, மூன்றில் ஒரு பங்கு மட்டும் நடு அறைக்குப் போகட்டும். அங்கே ஒரு சின்ன விளக்கும் கைப்பிடி கீட்டோ பாசியும் வைத்தால் நைட்ரேட்டையும் கொஞ்சம் இழுக்கும். மேல் தொட்டியின் ஓவர்ஃப்ளோ வாயில் 5 மி.மீ. வலை கட்டாயம். இல்லாவிட்டால் ஒரு இரவு அஞ்சாளை குழாய் வழியே இறங்கி விருந்து சாப்பிட்டுவிடும்.

கரண்ட் போகும் ஊர் என்பதால் இந்தக் கணக்கையும் போட்டுவிடுங்கள். பம்ப் நின்றதும் மேல் தொட்டியில் 3 செ.மீ. இறங்கினாலே 16 லிட்டர் கீழே வரும். சம்பில் அது 6 செ.மீ. ஏறும். விட்டிருக்கும் 8 செ.மீ. இடைவெளி அதற்குத்தான். ரிட்டர்ன் குழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே கீழே ஒரு சிறு துளை போட்டால், மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் காற்று நுழைந்து சைஃபன் (தண்ணீர் தானே குழாய் வழியே கீழே இழுபடுவது) அறுந்துவிடும். துளையில் உப்போ பாசியோ அடைக்கும், வாரம் ஒருமுறை குத்திவிடுங்கள். ஏர் பம்பையாவது இன்வெர்ட்டரில் இணையுங்கள்.

மீன் மட்டும் இருந்தபோது உப்புநீரின் அடர்த்தி (நல்ல தண்ணீர் 1 என்றால்) 1.020 ஓடியிருந்தால், நாளுக்கு 0.001 வீதம் 1.025-க்குக் கொண்டுவாருங்கள். நைட்ரேட் 20 பிபிஎம்முக்குக் கீழே நிற்கட்டும். புது உயிரைப் பையிலிருந்து நேராகக் கொட்டாதீர்கள். ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக, பைத் தண்ணீர் மூன்று மடங்காகும் வரை, ஒன்றரை இரண்டு மணி நேரம் விடுங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் அறையில் தண்ணீர் 31, 32 டிகிரியைத் தொடும். சில்லர் இல்லாவிட்டால் மேற்பரப்பில் ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் ஆவியும் அதிகமாகும். நாளுக்கு 4 லிட்டர் வீதம் இரண்டு நாள் ஊற்றாமல் விட்டால் உப்பு ஆயிரத்துக்கு 35-லிருந்து 36-க்கு ஏறிவிடும். மீன் தாங்கும், இறால் கண்டபடி சட்டை உரிக்கும். தினமும் ஈடு கட்டுங்கள், போர் தண்ணீரால் அல்ல. வீட்டு ஆர்.ஓ. தண்ணீரிலும் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 40, 50 இருக்கும். மிச்ச உப்பையும் பிடிக்கும் டிஐ ரெசின் ஒன்று பின்னால் சேர்த்தால் பூஜ்யம் கிடைக்கும். பித்தளைக் குழாய் வழியாக வரும் தண்ணீரையும் தவிருங்கள், பித்தளையில் பாதிக்கு மேல் செம்புதான்.

சம்ப் ஓடத் தொடங்கிய பிறகு மறுபடி வெள்ளைப் புள்ளி வந்தால், மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கேதான் காப்பர். மேலும் கீழும் ஒரே தண்ணீர் என்பதை அவசரத்தில் மறந்துவிடுவோம். பெரிய தொட்டியை 76 நாள் மீன் இல்லாமல் ஓட விடுங்கள். ஒட்டுண்ணிக்கு மீன் வேண்டும், இறாலும் நண்டும் அதற்கு உதவாது.

கிளாத்திக்கு ஓடு கடிக்கும் வேலை கொடுத்தாக வேண்டும், பல் வளர்ந்துகொண்டே போகும். நெல்பேட்டையில் பச்சை இறாலோ மட்டியோ வாங்கி, ஓட்டோடு ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்து, கரைத்துக் கொடுங்கள். சம்புக்குப் பாறை வேண்டுமென்று மண்டபம், ராமேஸ்வரம் பக்கமிருந்து பவளக் கல் எடுத்துவரச் சொல்லாதீர்கள். பவளமும் கடல் அட்டையும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. செத்த பவளக் கல்லுக்கும் வழக்கு வரும். செராமிக் பாறையில் பாக்டீரியா நன்றாகவே பிடிக்கும்.