கூரை ஒழுகுகிறது, கடன்காரர் வாசலில் நிற்கிறார்: காசை எதற்கு முதலில் எடுப்பது?

மட்டக்களப்பு எழுவான்கரைப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"கணவர் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். நான் வீட்டில் தைக்கிறேன். இரண்டு பேருக்குமாக மாதம் 90,000 ரூபா அளவில் கைக்கு வருகிறது. வண்டி லீசிங் மாதம் 24,500. என் பெயரில் இரண்டு கிழமைக் கடன்கள், கிழமைக்கு 2,500 ஒன்று, 3,200 மற்றது. தெரிந்த ஒருவரிடம் மாதம் பத்து வட்டிக்கு வாங்கிய 50,000 இருக்கிறது. பதினான்கு மாதமாக வட்டி மட்டும்தான் கட்டுகிறேன். ஐந்து நகைகள் வங்கியில் அடைவில். 20 பேர் சேர்ந்த 5,000 ரூபாச் சீட்டில் 11 மாதம் கட்டிவிட்டேன், இன்னும் எடுக்கவில்லை. வீடு அம்மா சீதனமாகத் தந்த ஓட்டு வீடு. சமையலறைத் தீராந்தியில் கறையான். மூன்று இடத்தில் ஒழுகுகிறது, சுவரில் வெடிப்பும் உண்டு. எல்லா வேலைக்கும் சேர்த்து மேசன் 640,000 கேட்கிறார், அதில் சமையலறைக் கூரை மட்டும் 85,000. வட்டிக்குத் தந்தவர், வீட்டு உறுதியை எழுதித் தந்தால் ஆறு இலட்சம் தருவதாகச் சொல்கிறார். மாரி தொடங்கப் போகிறது. என்ன செய்வது?"

உறுதியை எழுதிக் கொடுக்காதீர்கள், தங்கச்சி. மற்றதையெல்லாம் ஆறுதலாகப் பேசலாம்.

இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஈட்டு உறுதி கேட்பதில்லை. "இத்தனை மாதத்துக்குள் பணத்தைத் தந்தால் திருப்பி எழுதித் தருவேன்" என்ற நிபந்தனையோடு விற்பனை உறுதியே எழுதச் சொல்வார்கள். திகதி தவறினால் வீட்டை விற்றவர் நீங்கள், வாங்கியவர் அவர். கிராமிய வங்கியொன்றில் கடன் பகுதியில் இருந்த காலத்தில், கையெழுத்துப் போட்டு இரண்டு வருடம் கழிந்த பிறகு அந்த உறுதியைக் கொண்டுவந்து, "இதை ஒருக்கால் வாசித்துச் சொல்லுங்கள்" என்று கேட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். வாசித்துச் சொல்வதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

நம்முடைய பக்கத்தில் வீடு மகளுக்குத்தான் போகிறது. அந்த வழக்கத்துக்குச் சட்டத்திலும் பலம் இருக்கிறது. 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டப்படி, மனைவியின் சொத்து மனைவிக்கே உரியது. கணவர் பெயரில் உள்ள லீசிங் கடனுக்காக, நீங்கள் பிணை நிற்கவோ ஈடு வைக்கவோ இல்லையென்றால், உங்கள் வீட்டைத் தொட முடியாது. உங்கள் பெயரில் உள்ள கிழமைக் கடன்களுக்கும் நீதிமன்றம் போய்த் தீர்ப்புப் பெறாமல் வீட்டில் கை வைக்க முடியாது. உறுதி உங்கள் அலுமாரியில் இருக்கும்வரை, வாசலில் நின்று சத்தம் போடுபவரிடம் இருப்பது சத்தம் மட்டும்தான்.

இப்போது வீட்டுக்கு வருவோம். 640,000 ரூபா என்ற தொகையை மறந்துவிடுங்கள். அதில் ஓட்டைக் கழற்றிச் சீற் போடுவது, பூச்சு, சீலிங் எல்லாம் இருக்கிறது. மேசனைக் குறை சொல்லவில்லை. வேலையை ஒரேயடியாகச் செய்யத்தான் அவர் விரும்புவார். இந்த மாரிக்கு உங்களுக்குத் தேவை வேறு.

முதலில் கரண்ட். ஒழுகும் தண்ணீர் சுவர் வழியே சுவிட்ச், பிளக் இருக்கும் இடத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்தப் பகுதி வயரை இன்றைக்கே துண்டிக்கச் செய்யுங்கள். ட்ரிப் சுவிட்சின் பரிசோதனைப் பொத்தானை அழுத்தினால் அது விழ வேண்டும். விழாவிட்டால் ஓட்டுக்கு முன்னர் அதை மாற்றுங்கள்.

அடுத்தது தீராந்தி. ஒரு ஸ்குரூ ட்ரைவரை எடுத்து, சுவரில் அமரும் இரண்டு முனைகளிலும் குத்திப் பாருங்கள். கறையான் நடுவைவிட முனையைத்தான் அதிகம் தின்னும், சுவரின் ஈரம் அங்கேதான். அரை விரற்கடைக்கு மேல் இறங்காவிட்டால் மரம் இன்னும் தாங்கும், மருந்து அடித்து விடலாம். கைப்பிடிவரை சுகமாக இறங்கினால் ஓடாவி வரும்வரை காத்திருக்காமல் கீழே முட்டுக்கால் கொடுங்கள். அந்த மூலையில் பிள்ளைகளைப் படுக்க வைக்க வேண்டாம்.

ஒழுக்கு என்பது பார்த்தால் பெரிது, பிடித்தால் சிறிது. நண்பகல் வெயிலில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டுச் சமையலறையில் ஐந்து நிமிடம் இருங்கள். கண் பழகியதும் ஓட்டுக்கிடையில் வெளிச்சப் பொட்டுகள் தெரியும். கீழே தரையில் ஒவ்வொன்றுக்கும் நேரே கரியால் புள்ளி வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் நான் கண்டது, நடு ஓடு நன்றாகத்தான் இருக்கும்; பிறகு இறக்கிய சீற்றும் பழைய ஓடும் சந்திக்கும் இடம், முகட்டு ஓட்டின் காய்ந்த சாந்து, நிரம்பி வழியும் பீலி, இந்த மூன்றில் ஒன்றுதான் குற்றவாளி. சலாகை மாற்றப் புது மரம் வேண்டாம், முற்றிய பனை போதும். பழைய ஓடு வாங்குவதிலும் வெட்கம் இல்லை. ஓட்டை விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, மொட்டையாகச் சத்தம் வந்தால் வெடிப்பு. இறவாணத்துக் கடைசி வரிசையைக் கம்பியால் கட்டச் சொல்லுங்கள். 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியை அனுபவித்த பெரியவர்களைக் கேட்டால், காற்று கூரையை எங்கிருந்து கிளப்பும் என்று சொல்வார்கள்.

சுவர் வெடிப்பைப் பொறுத்தவரை, வெடிப்பின் இரண்டு பக்கத்திலும் பென்சிலால் ஒவ்வொரு கோடு போட்டு, இடைவெளியை அளந்து திகதியோடு எழுதிவிடுங்கள். மாரி முடியும்வரை கோடுகளின் இடைவெளி கூடாவிட்டால் அது பூச்சு வேலை, சித்திரைக்குப் பார்க்கலாம். கூடினால் அது அத்திவாரக் கதை. பூசி மறைப்பது காசை மண்ணில் போடுவதுதான்.

ஆக இப்போது செய்ய வேண்டியது அந்த 85,000 ரூபா வேலை. அதற்குக் கடன் வேண்டாம், சீட்டு இருக்கிறது. 55,000 ரூபா உங்கள் சொந்தக் காசு அதற்குள் கிடக்கிறது. பிள்ளையின் சடங்குக்கு என்று வைத்திருப்பீர்கள், விளங்குகிறது. இந்த மாதம் எடுங்கள். 12,000 கழிவு போனாலும் 88,000 கையில் வரும். வந்த அன்றே மரத்தையும் ஓட்டையும் வாங்கிப் போடுங்கள். மேசனுக்குக் கூலியை நாள் முடியக் கொடுங்கள், மொத்தமாக முன்பணம் வேண்டாம். காசாக வீட்டில் இருந்தால் கிழமைக் கடன்காரர் வரும் நாளில் அது இருக்காது.

கடன்களில் யாருக்கு முதலில் கட்டுவது? எதை இழந்தால் நாளைய உழைப்பு நிற்குமோ அதற்கு. வண்டி போனால் வருமானம் போகிறது, ஆகவே லீசிங் ஒரு சதமும் குறையாமல் முதலில்.

அடுத்தது பத்து வட்டிக்காரர். பதினான்கு மாதத்தில் 70,000 கட்டியும் முதல் அப்படியே நிற்கிறது. இதைத் தீர்க்க அடைவில் உள்ள ஐந்தில் ஒரு நகையை மீட்டு விற்றுவிடுங்கள். கடந்த சில வருடங்களில் தங்கம் ஏறிய ஏற்றத்தில், அன்று அடைவில் கிடைத்த தொகைக்கும் இன்றைய விலைக்கும் நல்ல இடைவெளி இருக்கும். தாலிக்கொடியை விற்கச் சொல்லவில்லை. காப்பு, அட்டியல் ஏதாவது. ஐந்தும் ஒரே அடைவுச் சீட்டில் இருந்தால் திருப்பும்போது தனித்தனி அடைவுச் சீட்டாக மாற்றிக் கேளுங்கள், அப்போதுதான் ஒவ்வொன்றாக மீட்கலாம். அவருக்குப் பணம் கொடுக்கும்போது நீங்கள் கையெழுத்திட்ட வெற்றுத் தாள், காசோலை எதுவும் இருந்தால் திரும்ப வாங்காமல் எழும்ப வேண்டாம். கணக்கில் பணமில்லாத காசோலை 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகலாம். வெறுமனே கடன் கட்ட முடியாமல் போவது குற்றமல்ல, அதற்காகப் பொலிஸ் உங்களைப் பிடிக்காது. அவர் இணங்காவிட்டால், இணக்க சபை என்று நாம் சொல்லும் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். அங்கே கட்டணமில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. நிலுவை வட்டி முதலை மிஞ்சி அறவிடப்படக் கூடாது என்பது 1852ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் எழுதப்பட்ட விதி. கட்டிய வட்டியைக் கொப்பியில் குறித்திருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.

கிழமைக் கடன் இரண்டும் கடைசி. ஆச்சரியமாக இருக்கும், ஏனென்றால் அதிகம் கூவுபவர்கள் அவர்கள்தான். கணக்கைப் பாருங்கள்: 100,000 ரூபாவுக்குக் கிழமை 2,500 வீதம் 52 கிழமை என்றால் 130,000. முப்பது வீதம் என்று சொல்வார்கள். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலும் குறைந்துகொண்டு வருவதால் உண்மையான வட்டி வருடத்துக்கு ஏறத்தாழ 54 வீதம். "பழையதை மூடிப் புதிதாகப் பெரிய கடன் தருகிறோம்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இதில் எனக்கும் மனம் கூசும் இடம் ஒன்று உண்டு. கிழமைக் கடன் பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுக்கும் நுண்கடன் என்றால், நீங்கள் கட்டாவிட்டால் உங்கள் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் கட்ட வேண்டும். அதனால் தவறுவதற்கு முன்னரே, கூட்டத்தில் அல்லாமல் கிளை அலுவலகத்துக்கு நேரில் போய், நான்கு மாதத்துக்குத் தவணையைப் பாதியாக்கித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். குழுவினருக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். நிறுவனம் மத்திய வங்கியின் மேற்பார்வையில் உள்ளதென்றால், மறுப்பு வந்தாலும் இரவில் வீட்டில் வந்து இருந்தாலும் 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம். 2018இல் வரட்சி மாவட்டங்களில் பெண்களின் 100,000 ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை அரசு பொறுப்பேற்றதுபோல இன்னொரு முறை வரும் என்று காத்திருக்க வேண்டாம். அப்படிக் காத்திருந்தவர்களின் வட்டி காத்திருக்கவில்லை.

இது நடந்தால் லீசிங், கிழமைக் கடன், பத்து வட்டி, சீட்டு எல்லாமாக மாதம் 59,200 ஆக இருந்த தவணைகள் 42,000க்குள் வந்துவிடும். மிச்சம் 48,000. தாராளமில்லைதான், ஆனால் அரிசிக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் கடன் வாங்காமல் மாரியைத் தாண்டலாம்.

நீங்களோ கணவரோ முன்னர் தொழிற்சாலையில் வேலை செய்திருந்தால் இன்னொன்று. ஊழியர் சேமலாப நிதியில் பத்து வருடப் பங்களிப்பும் 300,000 ரூபாவுக்குக் குறையாத மீதியும் இருந்தால், வீட்டுத் தேவைக்கு 30 வீதம் எடுக்க வழி இருக்கிறது; வேலையை விட்டவர்களுக்கும் அது பொருந்துமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். சுவர், சீலிங் வேலைகளை அதற்கு விடுங்கள்.

நாளைக்கு முதல் வேலையாக அடைவுச் சீட்டை எடுத்துத் தவணை முடியும் திகதியைப் பாருங்கள். அது மாரிக்குள் வந்தால் நகை விற்பதை, 20 பேர் சீட்டுக் காசை எடுப்பதற்கு முன்னரே முடித்துவிடுங்கள்.